டெண்டரில் வராத வாத்தியார்

2019 ஜூன் 23. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் 814 கணினிப் பயிற்றுநர் இடங்களை நிரப்ப ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு வைத்தது. கணினி ஆசிரியர் வேலை அல்லவா? தேர்வையும் கணினியிலேயே வைத்தார்கள். பொருத்தம்தான். சில மையங்களில் கணினி வேலை செய்யவில்லை. முதுகலையும் பி.எட்.டும் முடித்து, விடியற்காலை பஸ் பிடித்து வந்தவர்கள், உயிரில்லாத திரையை வெறித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் வந்து மறியல் செய்தார்கள். பிறகு அந்த மையங்களுக்கு மறுதேர்வு. கோளாறைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் அந்த அறைக்குள்ளேயே வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களைத்தான் யாரும் கேட்கவில்லை.

ஒரு நாள் கூத்தை வைத்து அரசாங்கத்தை எடை போடலாமா என்பீர்கள். போடக்கூடாது. இருபத்தைந்து ஆண்டுக் கூத்தை எடுத்துக்கொள்வோம்.

தொண்ணூறுகளின் கடைசியில் அரசு மேல்நிலைப் பள்ளிகளுக்குக் கணினிப் பாடம் வந்தது. கணினியோடு கணினி ஆசிரியரும் தனியார் நிறுவனம் வழியாகவே வந்தார். மேஜை, நாற்காலி, மவுஸ், வாத்தியார். எல்லாம் ஒப்பந்தச் சரக்கு. ஆண்டுக்கணக்கில் சொற்பச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தினார்கள். 2008இல் அவர்களுக்கு ஒரு சிறப்புத் தேர்வு. தேர்ச்சி மதிப்பெண் எவ்வளவு என்று ஒரு வழக்கு. வழக்கு டெல்லி வரை போய்த் திரும்பியது. 652 பேர் வீட்டுக்குப் போனார்கள். இவர்களிடம் படித்த பிள்ளைகள் அதற்குள் ஐ.டி. கம்பெனிகளில் வேலைக்குச் சேர்ந்து கார் வாங்கியிருந்தார்கள். வாத்தியாருக்குத்தான் தகுதி போதவில்லை.

அடுத்தது 2011. சமச்சீர்க் கல்வியின் பெயரில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை கணினி அறிவியலைத் தனிப்பாடமாக்க முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. புத்தகமும் அச்சடித்தார்கள். மே மாதம் ஆட்சி மாறியது. சமச்சீரே வேண்டாம் என்று புதிய ஆட்சி நீதிமன்றம் போனது. பிள்ளைகள் ஜூன், ஜூலை இரண்டு மாதம் புத்தகமே இல்லாமல் பள்ளிக்குப் போய் வந்தார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தலையில் குட்டிய பிறகு புத்தகம் வந்தது. முந்தைய முதல்வர் தொடர்பான பக்கங்களைக் கிழிப்பதும் ஸ்டிக்கர் ஒட்டி மறைப்பதும் அந்த ஆண்டு ஆசிரியர்களுக்குக் கிடைத்த செயல்வழிப் பயிற்சி. கணினிப் புத்தகத்துக்கு ஸ்டிக்கர்கூடத் தேவைப்படவில்லை. பாடத்தையே எடுத்துவிட்டார்கள். அச்சடித்த புத்தகம் கட்டுக்கட்டாக முடங்கியது. உங்கள் காசு. என் காசு.

எடுத்தவர்கள் மேல் கோபப்பட்டுத் திருப்தியடைந்துவிட வேண்டாம். பாடத்தைக் கொண்டுவந்த கழகம் 2021இல் திரும்ப வந்தது. பாடம் திரும்ப வரவில்லை. தாங்கள் பெற்ற பிள்ளையை அடையாளம் தெரியாத மறதி. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு கழகங்களும் இந்த ஒன்றில் மட்டும் எவ்வளவு ஒற்றுமை!

இதற்கிடையில் பிளஸ் டூ கணினி அறிவியலில் என்ன நடத்தினார்கள்? பழைய பாடநூலில் கணிசமான பகுதி ஸ்டார் ஆபீஸ். நினைவிருக்கிறதா? இருக்காது. அதைத் தயாரித்த சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தை 2010இல் ஆரக்கிள் வாங்கியது. அடுத்த ஆண்டே அந்த மென்பொருளுக்குக் கருமாதி முடிந்தது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் 2019 மார்ச் வரை அதற்குப் பொதுத்தேர்வு எழுதினார்கள். பெற்றவனே கைவிட்ட பிணத்துக்கு எட்டு ஆண்டு திவசம் கொடுத்த ஒரே மாநிலம் நம்முடையதாகத்தான் இருக்கும். எந்த மெனுவை அழுத்தினால் எழுத்து தடிமனாகும் என்பதற்கு ஒரு மார்க். உலகத்தில் எவரும் அழுத்தாத மெனு.

பிறகு பேராசிரியர் ஆனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு பாடத்திட்டத்தை மாற்றியது. 2018, 2019இல் புதிய நூல்கள் வந்தன. பைதான் வந்தது, தரவுத்தளம் வந்தது. உள்ளதைச் சொல்ல வேண்டும்: உழைத்துச் செய்த நூல்கள். ஆனால் பைதான் வந்தால் என்ன, பாம்பாட்டியே வந்தால் என்ன? நமக்குத் தெரிந்த வித்தை ஒன்று. மனப்பாடம்.

ரெக்கார்டு நோட்டைப் பார்த்திருக்கிறீர்களா? வீட்டில் பிளஸ் டூ பிள்ளை இருந்தால் வாங்கிப் பாருங்கள். வலப்பக்கம் கோடு போட்ட தாளில் நோக்கம், செய்முறை, நிரல். இடப்பக்கம் வெள்ளைத் தாளில் ஸ்கேல் வைத்துப் பென்சிலால் ஒரு கட்டம். கட்டத்துக்குள் வெளியீடு. அதாவது, கணினித் திரையில் என்ன தெரியுமோ அதைப் பிள்ளை கையால் வரைந்திருக்கும். அந்த நிரல் எந்தக் கணினியிலும் ஓடியிருக்காது. பக்கத்து பெஞ்சு நோட்டிலிருந்து இந்த நோட்டுக்கு ஓடி வந்ததுதான் அதன் ஒரே ஓட்டம். நாலாவது வரியில் அடைப்புக்குறி விட்டுப்போயிருக்கும். கீழே வெளியீடு கச்சிதமாக வந்திருக்கும். காகிதத்தில் பிழைச்செய்தி வராது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரு டிக், ஒரு கையெழுத்து, ஒரு தேதி. நிரல் வெற்றிகரமாக இயங்கியதாக முடிவு எழுதப்பட்டிருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் வெற்றிகரமாக இயங்கியிருக்கும்.

விளைச்சல் அபாரம். 2025 மே மாதம் வந்த பிளஸ் டூ முடிவில் கணினி அறிவியலில் நூற்றுக்கு நூறு 9,536 பேர். கணினிப் பயன்பாடுகளில் 4,208 பேர். தமிழில்? 135 பேர். தாய்ப்பாலோடு குடித்த மொழியைவிட பைதான் எழுபது மடங்கு சுலபமாக இருக்கிறது நம் பிள்ளைகளுக்கு. சிலிக்கான் பள்ளத்தாக்கு கதவைச் சாத்திக்கொண்டு அழுதிருக்க வேண்டும். அது பாட்டுக்கு இருக்கிறது. அந்த 9,536 பேரும் கல்லூரி முதலாண்டில் முதல்முறையாகத் தாமாக ஒரு நிரல் எழுத உட்காரும்போதுதான் தெரியும், நூறு எதற்குக் கொடுத்தார்கள் என்று. பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். கேட்டதைக் கொடுத்தார்கள். நாம் கேட்டது அதைத்தான்.

பொருள் இல்லாமலா இப்படி? அதுதான் இல்லை. பொருள் கொட்டிக் கிடக்கிறது. 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் மடிக்கணினிகள் கொடுத்தார்கள். அதை நான் பழிக்க மாட்டேன். ஓட்டு வீட்டுப் பிள்ளை கையில் ஒரு கணினி ஏறியது சின்ன விஷயம் இல்லை. ஆனால் மூடியில் முதல்வர் படம் ஒட்டத் தெரிந்தவர்களுக்கு, மூடியைத் திறந்த பிறகு என்ன செய்வது என்று சொல்லித்தர ஓர் ஆளைப் போடத் தெரியவில்லை. பல கணினிகள் படம் பார்க்கப் பயன்பட்டன. சில சந்தைக்கு வந்தன. பள்ளி முடித்துப்போன பிள்ளைகள் தங்களுக்கு வரவேண்டியதைக் கேட்டுப் பழைய பள்ளியின் வாசலில் உட்கார்ந்த காட்சியையும் பார்த்தோம். அப்புறம் 2020. தொற்று வந்தது, பள்ளிகளை மூடினார்கள், பாடம் திரைக்குள் போனது. தமிழ்நாட்டு வரலாற்றிலேயே மடிக்கணினி உண்மையாகத் தேவைப்பட்ட ஒரே காலம். அப்போது பார்த்து விநியோகம் நின்றது. அப்பாவின் போன் எப்போது வீட்டுக்கு வரும் என்று பிள்ளை காத்திருந்தது.

அதனாலென்ன, ஆய்வகம் இருக்கிறதே! 6,029 அரசுப் பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகம். தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் வகுப்பறை. ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினி. எண்களைப் பாருங்கள், கடைசி இலக்கம் வரை பிசகில்லாமல் இருக்கின்றன. வாங்கிய பொருளுக்குக் கணக்கு இப்படித்தான் இருக்க வேண்டும். இந்த 6,029இல் உயர்நிலைப் பள்ளிகளும் அடக்கம். உயர்நிலைப் பள்ளியில் கணினி ஆசிரியர் என்று ஒரு பணியிடமே கிடையாது. பாடம் இல்லை, அதனால் பணியிடம் இல்லை. பணியிடம் இல்லை, அதனால் ஆள் இல்லை. ஆய்வகம் மட்டும் இருக்கிறது.

பல பள்ளிகளில் அந்த அறை கர்ப்பக்கிரகம் மாதிரி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். பூட்டு இருக்கும், சாவி எச்.எம். மேஜை டிராயரில் இருக்கும். உள்ளே கணினிகளுக்கு உறை போட்டிருக்கும். யு.பி.எஸ். பேட்டரி உட்கார்ந்து எத்தனை காலமானது என்று யாருக்கும் தெரியாது. ஆயுத பூஜைக்கு உறையை எடுத்து, திரைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, பொரி கடலை கொடுப்பார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை அன்றைக்குத்தான் கீபோர்டைத் தொட்டுப் பார்க்கும். மிச்ச நாளில் அதைப் படம் வரைந்து பாகம் குறித்தால் போதும்.

அறையைத் திறக்க ஆள் வேண்டும் என்று எல்லோரும் கத்தியதில் ஆள் எடுத்தார்கள். எப்படி? தனியார் நிறுவனம் வழியாக, ஒப்பந்தத்தில், சொற்பச் சம்பளத்துக்கு. கால்நூற்றாண்டு சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றுவிட்டோம். வந்தவர்களாவது பாடம் நடத்தினார்களா? அவர்களுக்கு அதைவிட முக்கியமான வேலை காத்திருந்தது. எமிஸ்.

எமிஸ் என்பது பள்ளிக்கூடத்து விவரமெல்லாம் ஏறும் தளம். வருகையை ஏற்ற வேண்டும். காலணி அளவை ஏற்ற வேண்டும். ரத்த வகை, ஆதார், வங்கிக் கணக்கு, நலத்திட்டப் பொருள், வாராந்திரத் தேர்வு மதிப்பெண், எல்லாம் ஏற்ற வேண்டும். அதற்கான ஆள் இல்லாத பள்ளிகளில் அது வாத்தியார் தலையில். காலை முதல் பீரியட் எப்படி நடக்கிறது என்று அரசுப் பள்ளி ஆசிரியர் யாரையாவது கேளுங்கள். கணக்கு வாத்தியார் வராந்தாவில் நின்று போனை வானத்தை நோக்கித் தூக்கிப் பிடித்திருப்பார்.

"ஏறிடுச்சா சார்?" என்பார் எச்.எம்., அறையிலிருந்தே.

"சுத்துது சார்."

"பத்து மணிக்குள்ள ஏறலேன்னா பி.இ.ஓ. ஆபீஸ்லேர்ந்து போன் வரும் சார்."

"மரத்தடிக்குப் போய்ப் பாக்குறேன் சார். அங்க ரெண்டு புள்ளி காட்டும்."

அவர் மரத்தடிக்குப் போகிறார். வகுப்பில் முப்பது பிள்ளைகள் பின்னங்களைப் பாதியில் விட்டுவிட்டு, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. அரசுப் பள்ளியில் தினமும் தவறாமல் நடக்கும் கணினி வகுப்பு இதுதான்.

நவீனக் கற்பித்தல் முறைக்கும் குறைவில்லை. ஐந்தாறு ஆண்டுக்கு ஒரு புரட்சி வரும். செயல்வழிக் கற்றல் வந்தது. அட்டைகள் வந்தன, ஏணி வந்தது, பிள்ளை தன் வேகத்தில் ஏறும் என்றார்கள். பிள்ளை பாதி ஏறியபோது ஏணியை எடுத்துவிட்டார்கள். படைப்பாற்றல் கல்வி வந்தது. முப்பருவம் வந்தது. தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடு வந்தது. வளரறி, தொகுத்தறி என்று ஆசிரியர் பதிவேடு எழுதியே கைவீங்கினார். 2022இல் எண்ணும் எழுத்தும் வந்தது. பிள்ளைகள் அரும்பு, மொட்டு, மலர் ஆனார்கள். ஒவ்வொன்றிலும் நல்ல அம்சம் இருந்தது. செயல்வழிக் கற்றலைச் சரியாக நடத்திய பள்ளிகளை ஊரே மெச்சியது. ஆனால் எந்தப் புரட்சியும் அடுத்த புரட்சி வரும்போது தேறியதா, தோற்றதா என்று யாரும் மக்களுக்குக் கணக்குச் சொன்னதில்லை. பழைய அட்டை பரணுக்குப் போகும், புதிய கையேடு வரும், ஐந்து நாள் பயிற்சி, டீ, பிஸ்கட். ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர் என்பது மட்டும் மாறாது.

கணினியின் கதி? பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 23 பாடம். இருபத்து மூன்றாவது பாடத்தில் ஸ்க்ராட்ச். பிள்ளை தன் கையால் ஒரு பூனையை நடக்க வைத்து, பேச வைத்து, நிரல் என்றால் என்ன என்று விளையாட்டாகப் புரிந்துகொள்வதற்கென்றே அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் செய்த மென்பொருள். நம் ஊரில் அது கடைசிப் பாடம். எடுப்பவர் வேதியியலோ உயிரியலோ படித்தவர். ஜனவரியில் திருப்புதல் தேர்வு தொடங்கிவிடும். "ஸ்க்ராட்ச் என்பது யாது?" ரெண்டு மார்க். பூனை நடக்கவே இல்லை. நோட்ஸில் வரையறையாகப் படுத்துக் கிடக்கிறது.

தனியார் பள்ளிக்குப் போய்விட்டால் தப்பிக்கலாம் என்று கடன் வாங்கிக் கட்டணம் கட்டும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. 2020இல் தொற்றுப் பயத்தில் வீட்டுக்குள் கிடந்தபோது, ஆறு வயதில் கோடிங் கற்காத பிள்ளை உருப்படாது என்று தொலைக்காட்சியைத் திறந்தால் கத்தினார்களே, அந்த ஒயிட்ஹேட் ஜூனியர் ஞாபகம் இருக்கிறதா? உல்ஃப் குப்தா என்றொரு பையன் கோடிங் கற்றுக் கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குவதாக விளம்பரம் செய்தார்கள். தேடிப் பார்த்தால் அப்படியொரு பையனே இல்லை. விமர்சித்தவர் ஒருவர்மேல் 20 கோடி ரூபாய் கேட்டு வழக்குப் போட்டார்கள். அந்த நிறுவனத்தை 30 கோடி டாலருக்கு வாங்கியது பைஜூஸ். 2024 ஜூலையில் பைஜூஸே திவால் நடவடிக்கைக்குப் போனது. ஆறு வயதுப் பிள்ளைக்கு எதிர்காலத்தைக் கணித்துச் சொன்னவர்களுக்குத் தங்கள் எதிர்காலம் நாலு வருஷத்துக்குத் தெரியவில்லை. பாடம் கற்றோமா? இல்லை. இப்போது பள்ளிகளே ரோபாட்டிக்ஸ் லேப் என்று தனியாக ஒரு வரி சேர்த்து ரசீது போடுகின்றன. பிளாஸ்டிக் பெட்டியில் நாலு சக்கரம், ஒரு மோட்டார். விளம்பரப் பலகையில் ரோபோ சிரிக்கிறது.

டெல்லி சும்மா இருக்குமா? மூன்றாம் வகுப்பிலிருந்தே செயற்கை நுண்ணறிவு என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். 2026-27 முதலாம். அதே ஒன்றிய அரசின் 2024-25 புள்ளிவிவரப்படி, ஒரே ஓர் ஆசிரியர் மட்டும் இருக்கும் பள்ளிகள் இந்தியாவில் 1,04,125. அங்கே அந்த ஒருவர் முதல் வகுப்புக்கு அகர வரிசை, ஐந்தாம் வகுப்புக்கு வகுத்தல், சத்துணவுக் கணக்கு, இனிமேல் நியூரல் நெட்வொர்க். இயற்கை நுண்ணறிவுக்கே ஆள் போதவில்லை. இவ்வளவு அக்கறையுள்ள அதே டெல்லி, பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று தமிழ்நாட்டுக்கு வரவேண்டிய கல்வி நிதி 2,152 கோடி ரூபாயை நிறுத்தி வைத்தது. கொள்கைச் சண்டை இரண்டு அரசுகளுக்கு. பட்டினி பள்ளிக்கூடத்துக்கு. சென்னையும் சளைத்ததல்ல. ஆறு முதல் ஒன்பது வரை செயற்கை நுண்ணறிவும் ரோபாட்டிக்சும் கற்றுத்தர டி.என். ஸ்பார்க் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். யார் நடத்துவது? ஏற்கெனவே இருக்கிற ஆசிரியர். மரத்தடியில் போனோடு நிற்கிறாரே, அவரேதான்.

வாளையாறு தாண்டிப் போய்ப் பாருங்கள். கேரளத்தில் 2001இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்று தொடங்கினார்கள். பிறகு யாருக்கும் உரிமக் கட்டணம் கட்டாத கட்டற்ற மென்பொருளுக்கு மாறினார்கள். பத்தாம் வகுப்புக்கு ஐ.டி. ஒரு பாடம், கணினி முன்னால் உட்கார்ந்து செய்து காட்டினால்தான் மார்க். 2017இல் அதையே கைட் என்று அரசு நிறுவனமாக்கினார்கள். நடுவில் ஆட்சி காங்கிரசுக்கும் கம்யூனிஸ்டுக்கும் மாறி மாறிப் போனது. அங்கேயும் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்வார்கள். ஆனால் பாடப்புத்தகத்தை விட்டுவிட்டுக் குதறினார்கள்.

இங்கே ஆள் பஞ்சமா? ஆண்டுதோறும் கணினி அறிவியலில் பி.எட். பட்டம் கொடுக்கிறோம். பட்டம் வாங்கியவர்கள் பல்லாயிரம் பேர். ஆறு முதல் பத்து வரை பாடமே இல்லாததால் ஆசிரியர் தகுதித் தேர்வில் அவர்களுக்கென்று ஒரு தாள்கூட இல்லை. ஓட்டுநர் உரிமம் கொடுத்துவிட்டுச் சாலையை எடுத்துக்கொண்ட அரசு இது. அவர்கள் ஜெராக்ஸ் கடையில் இருக்கிறார்கள், பில் போடுகிறார்கள், ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு மனு எழுதுகிறார்கள்.

ஆசிரியரை மட்டும் ஏன் போட மாட்டேன் என்கிறார்கள்? காசில்லை என்று சொன்னால் வாயில் விரலை வைத்துக் கேட்காதீர்கள். மேலே எழுதிய அத்தனைக்கும் காசு இருந்தது. கணினிக்கு டெண்டர் உண்டு. டெண்டருக்கு வேண்டியவர்கள் உண்டு. அஞ்சு வருஷத்தில் அது பழசாகும், மறுபடியும் டெண்டர். ரிப்பன் வெட்டலாம், மூடியில் படம் ஒட்டலாம். வாத்தியார் அப்படியா? முப்பது வருஷம் இருப்பார். ஊதிய உயர்வு கேட்பார், ஓய்வூதியம் கேட்பார், கோட்டையைப் பார்த்து ஊர்வலம் வருவார். முதுகில் படம் ஒட்ட விடமாட்டார். அவரால் கமிஷன் கொடுக்கவும் முடியாது.

அடுத்து ஓட்டுக் கேட்டு எந்தக் கட்சிக்காரர் வீட்டுக்கு வந்தாலும் உட்கார வைத்து, மோர் கொடுத்து, ஒன்றே ஒன்று கேளுங்கள்: நம்ம ஊர் ஸ்கூல்ல எட்டாங்கிளாசுக்குக் கம்ப்யூட்டர் எடுக்கிற சார் பேரு என்னங்க? ஸ்மார்ட் போர்டு எத்தனை இஞ்ச் என்று சொல்வார்.